காற்றும் கம்பியும்: டயகம மலையில் ஒரு வில்லின் வரலாறு

சில மாதங்களுக்கு முன்னர் அக்காவைப் பார்ப்பதற்காக டயகமவுக்குப் போயிருந்தேன். ஹட்டனில் பஸ் மாறி, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, மலையின் மடிப்புகளுக்குள் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையை வாசகர்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே தேயிலையும் பனியுமாகக் கிடக்கும் ஊர் அது. அதன் முதுகுப்புறத்தில், மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஊற்றுக்கண்ணான ஹோர்ட்டன் சமவெளி விரிந்து கிடக்கிறது.

இம்முறை என் பையில் வழக்கமான பழங்களோடும் மருந்துகளோடும் ஒரு விநோதமான பொதியும் இருந்தது. அக்காவின் பேரன் கேட்டுக்கொண்டதற்காகக் கொழும்பில் ஒருவரிடம் பெற்று வந்தது. கையிலெடுத்தால் ஒரு சிறிய உலக்கைத் துண்டைப் போலக் கனத்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே தடித்த உருக்குக் கம்பியாலான சுருள்வில் பூட்டிய ஓர் அதிர்வுதாங்கி. நம்மவர் வழக்கில் சொல்வதானால் ஸ்பிரிங் ஷொக்.

அந்தப் பிள்ளை கட்டாரில் ஒரு ஹோட்டலில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். வரும்போது உழைத்த பணத்தில் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்தான். இப்போது அவனுக்கு வழிகாட்டி வேலை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட, 22 பகுதிகளாக வகுக்கப்பட்ட 'பீக்கோ ட்ரெயில்' என்னும் நடைபாதை வந்ததன் பின்னர், தேயிலைத் தோட்டத்துப் பழைய பாதைகளைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு முன்னே இவன் சைக்கிளில் போய்ப் பாதை பார்த்து வருகிறான்.

அந்தச் சைக்கிளின் பின்சில்லைத் தாங்குவது காற்று அடைத்த ஷொக். அதைக் கழற்றிவிட்டுக் கம்பி ஷொக்குக்கு மாறப்போவதாகச் சொன்னான். உலகமெல்லாம் கனத்தைக் குறைத்துக்கொண்டு போகும் காலத்தில், இவன் ஏன் கனமான பழைய பொருளைத் தேடிப் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"காத்த நம்பி இறங்க முடியல தாத்தா. காலையில அடிச்சா பின்னேரம் இருக்க மாட்டேங்குது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சு போச்சு. அதுக்கு அட்டனுக்குப் போனாலும் ஆள் இல்ல, நுவரெலியாவுக்குப் போனாலும் ஆள் இல்ல. கம்பின்னா உடைஞ்சாத்தான் உண்டு."

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனால் அன்றிரவு நான் அதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். காற்றா, கம்பியா என்னும் கேள்வி இவனோடு தொடங்கியதன்று என்பது நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பிய பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்ததில் அது ஏறத்தாழ 360 ஆண்டுகள் பழையது என்று தெரிந்தது. அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

*

இங்கிலாந்தில் 1650களின் இறுதியில் ரொபர்ட் பொயில் என்னும் செல்வந்தர் காற்றைப் பற்றி ஆராய விரும்பினார். அவருக்குக் காற்றுப்பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தவர் ரொபர்ட் ஹூக் என்னும் இளம் உதவியாளர். அந்தப் பம்பைக் கொண்டு நடத்திய சோதனைகளைப் பொயில் 1660 இல் நூலாக வெளியிட்டார். காற்று அமுக்கினால் எதிர்த்துத் தள்ளுகிறது, விட்டால் விரிகிறது என்பதைக் கண்டு, நூலின் தலைப்பிலேயே அதைக் 'காற்றின் வில்' என்று அவர் குறிப்பிட்டார். 1662 இல் வந்த இரண்டாம் பதிப்பில், காற்றின் கன அளவைப் பாதியாக்கினால் அதன் அமுக்கம் இருமடங்காகும் என்னும் விதி இடம்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் பொயிலின் விதி அது.

பம்பு செய்த ஹூக் சும்மாயிருக்கவில்லை. கம்பிச் சுருளில் எடையைத் தொங்கவிட்டு அது நீளும் அளவைக் குறித்துக்கொண்டே வந்தார். எடையை இருமடங்காக்கினால் நீட்சியும் இருமடங்காகிறது என்று கண்டார். பிறர் திருடிவிடுவார்களோ என்னும் அச்சத்தில், 1676 இல் அந்த உண்மையை எழுத்துகளைக் குலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678 இல்தான் புதிரை அவிழ்த்தார். காற்று வில், கம்பி வில் ஆகிய இரண்டின் தொடக்கத்திலும் ஒரே மனிதரின் கைகள் இருந்தன என்பது வியப்புக்குரியது.

இவ்விரு விதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் அக்காவின் பேரனுடைய தலையிடி. கம்பி நேர்மையானது. முதல் அங்குலம் அமுங்க எவ்வளவு பாரம் வேண்டுமோ, அடுத்த அங்குலத்துக்கும் அதே அளவு பாரந்தான் கூடுதலாக வேண்டும். காற்று அப்படியன்று. இடம் சுருங்கச் சுருங்க அதன் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசி அரை அங்குலத்தில் சுவர் போல நிற்கும். பெரிய பள்ளத்தில் விழும்போது இந்தக் குணம் காப்பாற்றும். ஆனால் காற்றை அடைத்து வைக்க இறுக்கமான இறப்பர் வளையங்கள் தேவை. அவற்றின் உராய்வினால், சிறு கற்களில் சில்லு ஏறும்போது ஷொக் உடனே அசையாது. ஒரு கணம் பிடித்துக்கொண்டு பிறகே அசையும். கம்பிச் சுருளுக்கு இந்த அடைப்பு வளையங்களின் தயக்கம் இல்லை. கூழாங்கல் நிறைந்த பாதையில் சில்லு நிலத்தை விட்டுப் பிரியாமல் ஓடுவது அதனால்தான்.

*

வில்கள் வண்டிக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1804 இல் இலண்டனில் ஒபடையா எலியட் என்பவர் இரண்டு வளைந்த உருக்குப் பட்டை அடுக்குகளைச் சேர்த்துச் செய்த நீள்வட்ட வில்லுக்கு உரிமம் பெற்றார். குதிரை வண்டிகளின் கனம் குறைந்தது; பயணஞ் செய்வோரின் எலும்புகள் தப்பின. இலங்கையில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832 இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் போட்ட பாதை அதற்கு வழி திறந்தது.

ஆனால் அதே பத்தாண்டுகளில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு வில்லுமில்லை, வண்டியுமில்லை. மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் கால்களே அவர்களுக்கு வில். 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகள் வில் வைத்த பெட்டிகளில் கொழும்புக்கு இறங்கின. கொழுந்தைப் பறித்தவள் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறினாள்.

காற்றின் கதையும் இலங்கையைத் தொட்டுக்கொண்டே போகிறது. காற்றடைத்த சில்லுக்கு 1845 இல் முதன்முதலாக உரிமம் பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் வில்லியம் தொம்சன். அன்று அதை விரும்புவார் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காக அதையே மீண்டும் கண்டுபிடித்து, 1888 இல் உரிமம் பெற்றார். இதற்கிடையில், 1876 இல், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகளில் முளைத்த சுமார் 1,900 இறப்பர் நாற்றுகள் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கப்பலேறி, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. சைக்கிளும் மோட்டார் வண்டியும் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர் விலை வானத்தைத் தொட்டது. தாழ்நாட்டுத் தோட்டங்களில் பால் வெட்டவும் நம்மவரே அழைத்துச் செல்லப்பட்டார்கள். உலகம் காற்றின் மேல் சவாரி செய்யத் தொடங்கியபோது, அந்தக் காற்றை அடைத்து வைத்த இறப்பரில் மலையகத் தமிழரின் உழைப்பும் கலந்திருந்தது.

*

காற்றிலிருந்து கம்பிக்கு மாறும் செயலை முதலிற் செய்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்லர், கார்க்காரர்கள். 1950களில் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர்கள் காற்றை நாடினார்கள். 1957 இல் வந்த கடிலாக் எல்டொராடோ புரோகம் என்னும் மிக விலையுயர்ந்த காரில் கம்பி வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய இறப்பர்க் குவளைகள் இருந்தன. 1958 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் அதே ஏற்பாட்டை மற்றைய கார்களுக்கும் விற்பனைக்கு வைத்தது. ஓடும்போது மேகத்தில் மிதப்பதுபோல இருந்தது உண்மை. ஆனால் காற்றுக் கசிந்தது. இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் குந்தியிருந்தது. சொந்தக்காரர்களிற் பலர் காற்றுக் குவளைகளைக் கழற்றிவிட்டுக் கம்பிச் சுருள்களைப் பூட்டிக்கொண்டார்கள்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1948 இல் இங்கிலாந்தில் பிறந்த லேண்ட் றோவர் மலையகத்துத் துரைமாரின் வாகனமாயிற்று. பின்னாளில் கைமாறி, தோட்டங்களுக்கிடையே ஆளேற்றும் வாடகை ஜீப்பாயிற்று. அதற்குப் பட்டை வில்கள். ஏறியவர்களுக்கு அந்த அடி மறக்காது. 1970 இல் வந்த ரேஞ்ச் றோவர் சுருள்வில்லோடு வந்தது. 1992 இல் அதே ரேஞ்ச் றோவருக்குக் காற்று வில் வந்தது. சில ஆண்டுகள் செல்ல, கசியும் காற்றோடு மல்லுக்கட்ட முடியாத சொந்தக்காரர்கள் சுருள்வில்லுக்குத் திரும்பினார்கள். அப்படி மாற்றுவதற்கான உதிரிப்பாகத் தொகுதிகளை விற்பது ஒரு தனி வியாபாரமாகவே ஆயிற்று. புதிய பொருள் புதியதாக இருக்கும்வரை காற்று. அது பழையதாகி இரண்டாம் கைக்கு, மூன்றாம் கைக்கு வரும்போது கம்பி. எங்கள் பிள்ளையின் சைக்கிளும் மூன்றாம் கைக்கு வந்ததுதான்.

மலைச் சைக்கிளின் வரலாறு இவற்றோடு ஒப்பிடக் குறுகியது. கலிபோர்னியாவில் தமல்பைஸ் மலையடிவாரத்தில் சில இளைஞர்கள் பழைய தடித்த சில்லுச் சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976 ஒக்டோபர் 21 இல் நடந்த முதற் பந்தயத்தின் பாதைக்கு 'றீபெக்' என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின்சில்லின் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். அந்த வண்டிகளுக்கு எந்த வில்லும் கிடையாது. முழங்கையும் முழங்காலுமே வில்.

1989 இல் போல் டேர்னர் என்பவர் றொக்ஷொக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, முன்சில்லுக்கு ஒரு கவடு செய்தார். உள்ளே வில்லாக இருந்தது காற்று. துள்ளலை அடக்க எண்ணெய். 1990 இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதலாவது அதிகாரபூர்வ உலக மலைச் சைக்கிள் போட்டியில், இறக்கப் பந்தயத்தில் வென்ற கிரெக் ஹேர்போல்ட் அந்தக் கவட்டோடுதான் ஓடினார். பின்னர் பின்சில்லுக்கும் ஷொக் வந்தது. செங்குத்து இறக்கப் பந்தயக்காரர்கள் நெடுங்காலம் கம்பியையே நம்பினார்கள். ஏற வேண்டியவர்கள் கனம் குறைந்த காற்றை விரும்பினார்கள். 2010களில், மலையேறி இறங்கும் நீண்ட பந்தயங்கள் பரவியபோது, ஏறவும் இறங்கவும் செய்யும் சாதாரண மலைச் சைக்கிளுக்கும் கம்பி மெல்லத் திரும்பி வந்தது.

*

இனி மாற்றத்தின் நடைமுறையைச் சொல்கிறேன். இதை எனக்குப் படிப்பித்தவன் அந்தப் பிள்ளைதான். கணக்கை நான் பின்னர் சரிபார்த்தேன்.

முதலில் காற்றின் மீதான அவனுடைய குற்றச்சாட்டு. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 200 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு, 10 பாகை குளிரும் டயகம விடியற்காலைக்கு வந்தால், எதுவும் கசியாமலேயே மானியில் ஏறக்குறைய 188 தான் காட்டும். குளிரில் காற்று சுருங்குகிறது. மலையின் உயரத்தில் வெளியமுக்கம் குறைவதால் மானி இரண்டொரு புள்ளி கூடக் காட்டும் என்பதையும் சேர்த்த கணக்கு இது. இது பம்பினால் இரண்டு நிமிடத்தில் திருத்தக்கூடிய குறை. தேய்ந்த வளையம் அப்படியன்று. அதற்கு உரிய அளவில் வளையம் வேண்டும், எண்ணெய் வேண்டும், கருவி வேண்டும், தெரிந்த கை வேண்டும். இவை இல்லாத ஊரில் காற்று ஷொக் கடனாளியின் வீடு போல நாளுக்கு நாள் இறங்கும்.

அடுத்தது கம்பியின் நிபந்தனை. காற்றை எவருடைய உடம்புக்கும் ஏற்ப அடிக்கலாம், இறக்கலாம். கம்பிக்கு அந்த இணக்கம் கிடையாது. ஒவ்வொரு சுருளிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அங்குலம் அமுங்க எத்தனை இறாத்தல் பாரம் வேண்டும் என்பதே அந்த எண். நான் கொண்டுபோன சுருளில் இருந்த எண் 500.

அவன் அதைப் பூட்டினான். மறுநாள் காலை மேற்பிரிவுப் பாதையில் ஏறி இறங்கி வந்தான். முகம் வாடியிருந்தது.

"என்னடா தம்பி?"

"கல்லு மாதிரி இருக்கு தாத்தா. அமுங்கவே மாட்டேங்குது. காத்து ஷொக்கே பரவாயில்ல போல."

கணக்குப் போட்டோம். அவன் நிறை 58 கிலோ. தலைக்கவசம், பை எல்லாம் சேர்த்து 64. உட்கார்ந்திருக்கும்போது அதில் நூற்றுக்கு 65 பங்கு பின்சில்லில் விழுவதாகக் கொண்டால் ஏறத்தாழ 42 கிலோ. பின்சில்லு 160 மில்லிமீட்டர் மேலே எழும்போது ஷொக் 60 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது. ஆகவே நெம்புகோல் கணக்கில் அந்தப் பாரம் 2.67 மடங்காகி, 111 கிலோவாக, அதாவது 245 இறாத்தலாக ஷொக்கை வந்தடைகிறது. ஏறி உட்கார்ந்தவுடன் ஷொக் தன் நீளத்தில் நூற்றுக்கு 30 பங்கு, அதாவது 18 மில்லிமீட்டர், அமுங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் சில்லு கீழே நீளவும் மேட்டில் மேலே எழவும் இடமிருக்கும். 18 மில்லிமீட்டர் என்பது 0.71 அங்குலம். 245 ஐ அதனால் வகுத்தால் 345. அவனுக்கு வேண்டிய சுருள் 350. கையிலிருந்த 500 எண் சுருள், பொருட்களோடு 93 கிலோ நிறுக்கும் ஒருவருக்கு உரியது.

விற்றவர் ஏமாற்றவில்லை. அவர் தம் உடம்புக்குப் பூட்டியிருந்ததை விற்றார். வாங்கியவன் எண்ணைக் கேட்கவில்லை. கொண்டுபோன எனக்கும் எண் இருப்பதே தெரியாது.

*

நாங்கள் கடதாசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அக்கா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பதை எட்டியவள். நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த கை. அந்தச் சுருளைக் கேட்டு வாங்கி இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"லொறி மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உரமூட்டை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. 1968 ஆம் ஆண்டு. அக்காவுக்குத் தலைப்பிரசவம். மழை கொட்டும் இரவு. தோட்டத்து மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். கீழேயுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஒன்றுதான் இருந்தது. நானும் அம்மாவும் அக்காவைக் கம்பளியில் சுற்றி லொறியின் பின்தட்டில் ஏற்றினோம். சாரதி இறங்கி வந்து பார்த்தார். "வெறும் லொறி பாயும் தங்கச்சி, நீ தாங்க மாட்டே" என்றவர், ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, உரமூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து ஏற்றத் தொடங்கினார். பிள்ளை வலியில் துடிக்கிறாள், இந்த மனிதர் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறாரே என்று பதினேழு வயதான எனக்கு ஆத்திரம் வந்தது. ஏற்றி முடித்து, மூட்டைகளின் நடுவில் சாக்கு விரித்து அக்காவைக் கிடத்தி, மெதுவாக ஓட்டினார். லொறி பாயவில்லை. பள்ளங்களில் கனத்து இறங்கிக் கனத்து ஏறியது. விடியுமுன் பிள்ளை பிறந்தான். அவன்தான் இந்தப் பையனின் தகப்பன்.

அந்த மூட்டைகளின் காரணம் எனக்கு இத்தனை ஆண்டுகள் கழித்து, 345 என்ற விடை வந்த கடதாசியைப் பார்த்தபோதுதான் முழுமையாக விளங்கியது. லொறியின் பட்டை வில்கள் தொன் கணக்கான பாரத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒரு பெண்ணின் உடம்பை அவை உணரவே மாட்டா. அவள் மட்டும் ஏறினால் அவை வில்லாக வேலை செய்யாமல் இரும்புத் துண்டாகவே இருக்கும். பாதையின் ஒவ்வொரு கல்லும் நேரே அவள் முதுகெலும்புக்குப் போகும். வில் அமுங்க வேண்டுமானால் அது எதிர்பார்த்த பாரம் மேலே இருக்க வேண்டும். பாடசாலைக்குப் போகாத அந்தச் சாரதிக்கு ஹூக்கின் விதி தெரிந்திருந்தது.

மலையகத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் சட்டங்களையும் ஆண்டுகளையும் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையானது, 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது, 2003 இல் எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைத்தது. இவை யாவும் முக்கியமானவை. ஆயினும் அந்த 500 எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் வாழ்க்கையில் எங்கள் அளவுக்கென்று செய்யப்பட்ட பொருள் எத்தனை? பன்னிரண்டுக்குப் பத்து அடி லயத்து அறை ஒரு குடும்பத்தின் அளவைக் கேட்டுக் கட்டப்பட்டதன்று. கொழுந்து நிறுக்கும் தராசு, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்துவிட்டே பெண்ணின் உழைப்பை எண்ணியது. நோயாளியை ஏற்றிய லொறி கொழுந்துக்காகச் செய்யப்பட்டது. அதிலும் ஒரு மனிதர் உரமூட்டையை ஏற்றி, பொருந்தாத வில்லைப் பொருந்த வைத்தார்.

*

வாசகர்களில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இருக்கலாம். வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் பலர் இதில் ஈடுபாடு கொண்டிருப்பதை அறிவேன். காற்றிலிருந்து கம்பிக்கு மாற எண்ணுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, சைக்கிளின் சட்டம் அதற்கு இசைய வேண்டும். சில சட்டங்களில் சில்லு மேலே எழ எழ நெம்புகோல் விகிதம் குறைந்துகொண்டு வரும். அதனால் முடிவில் தானாகவே இறுகும். அவற்றுக்குக் கம்பி பொருந்தும். விகிதம் மாறாத சட்டங்களில் காற்றின் கடைசி இறுக்கம் இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ஷொக் அடிதட்டும்.

இரண்டாவது, கனம். சுருளோடு ஏறக்குறைய அரைக் கிலோ கூடும். டயகம போன்ற ஊரில் இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, ஒரே ஆள் ஓட்டும் சைக்கிளுக்கே கம்பி உகந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் சைக்கிளுக்குக் காற்றே நல்லது. 50 கிலோக்காரர் இறங்கி 90 கிலோக்காரர் ஏறினால் பம்பு ஒன்று போதும். காற்றின் பெருந்தன்மை அது. அந்தப் பெருந்தன்மையைப் பேண ஆளும் பொருளும் அருகில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் விலை.

எங்கள் பிள்ளை தனக்கு மட்டுமே ஓட்டுகிறான். அவனுடைய சட்டமும் இசைகிறது. ஆகவே 350 எண் சுருள் ஒன்றைத் தேடிப் பிடிக்கக் கொழும்பிலும் வெளியிலும் நண்பர்களிடம் சொல்லி வைத்தேன். இரண்டு மாதங்கள் கழித்துக் கிடைத்தது. இம்முறை பொதியை வாங்கியவுடன் முதலில் எண்ணைப் பார்த்தேன்.

பூட்டிய அன்று மாலை தொலைபேசியில் அழைத்தான். மேற்பிரிவிலிருந்து கோயில் வளைவு வரைக்கும் பிரேக்கைத் தொடாமல் இறங்கினானாம். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. தொலைபேசியை வாங்கினாள்.

"நல்லா அமுங்குதாம்" என்றாள். "நான் கையால அமுக்கிப் பார்த்தேன். எனக்கு இதுவும் அமுங்கல."

"உனக்கு அது அமுங்காது அக்கா. உன் அளவுக்குச் செய்ததில்லையே" என்றேன்.

"பழைய கம்பிய என்ன செய்யச் சொல்றே? எறியவா?"

எறிய வேண்டாம் என்றேன். 93 கிலோ நிறுக்கும் யாராவது ஒருவர் எப்போதாவது அந்தப் பாதையில் வரக்கூடும். இப்போது அது அக்கா வீட்டு வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.